கழிவுநீர் லைன்: பழுது பார்ப்பதா, முழுசாக மாற்றுவதா?

வீட்டிலிருந்து வெளியே போகும் கழிவுநீர் லைனில் திரும்பத் திரும்ப அடைப்பு. வந்து பார்த்த ஒருவர், "உடைஞ்ச இடத்தை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு போட்டாப் போதும்" என்கிறார். அடுத்து வந்தவர், "லைன் மொத்தமும் போச்சு, மாத்திடுங்க" என்கிறார். மூன்றாமவர் தோண்டவே வேண்டாம், குழாய்க்கு உள்ளேயே லைனிங் கொடுத்துவிடலாம் என்கிறார். தனித்தனியாகக் கேட்டால் மூன்றுமே நியாயமாகப் படுகின்றன. எதை நம்பிக் காசைப் போடுவது என்பதுதான் இந்த இடத்தில் மாட்டிக்கொண்ட எல்லோருடைய கேள்வியும்.

குழாயின் வயதையும் கேட்கும் தொகையையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் தெரிய வேண்டியவை இரண்டு. குறை ஓரிடத்தில் இருக்கிறதா, லைன் நெடுக இருக்கிறதா? அந்தக் குறை குழாயின் சுவரில் இருக்கிறதா, வாட்டத்தில், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான இறக்கத்தில் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் முக்கால்வாசி முடிவு கைக்கு வந்துவிடும். விடை தெரியாமல் எடுக்கும் முடிவு, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், குருட்டாம்போக்குதான்.

## அடைப்பு எடுத்த அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள்

கழிப்பறையில் தண்ணீர் திரும்பி மேலே வரும்போது யாருக்கும் நிதானம் இருக்காது. அந்த நேரத்தில் "மொத்தமா மாத்திடலாம்" என்று யார் சொன்னாலும் தலையாட்டத் தோன்றும். அன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ராட் விட்டோ, அழுத்தத் தண்ணீர் அடித்தோ அடைப்பை எடுத்து லைனை ஓடவிடுவது. பழுதா, மாற்றமா என்பதை அதற்கு அப்புறம் பேசலாம். தரை இறங்குவது, கழிவு வெளியே வழிவது போன்ற ஆபத்து இல்லாதவரை, சில நாள் தள்ளி யோசிப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

அடைப்பு எங்கே என்பதையும் அன்றைக்கே கவனித்து வையுங்கள். ஒரு தொட்டியில் மட்டும் தண்ணீர் நின்றால் அது அந்தக் கிளைக் குழாயின் பிரச்சினை. மெயின் லைனைத் தொட வேண்டியதே இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது தரைமட்டக் குளியலறையின் டிராப்பில் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) குமிழி வந்தால், அடைப்பு மெயின் லைனில். மழை பெய்யும்போது மட்டும் தண்ணீர் எதிர்த்து வந்தால், தெருவிலுள்ள லைன் நிரம்பி உங்கள் வீட்டுப் பக்கம் தள்ளுகிறதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் புதுக் குழாய் போட்டும் பயனில்லை. தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் ஒருவழி வால்வுதான் அதற்கு மருந்து.

## எதை வைத்து ஒப்பிடுவது

வாட்டம். நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பது இதைத்தான். வீட்டு லைன்களில் அதிகம் காணப்படும் 100 மி.மீ. குழாய்க்கு, 40 அடி நீளத்துக்கு 1 அடி முதல் 60 அடி நீளத்துக்கு 1 அடி வரை இறக்கம் கொடுப்பது வழக்கம். 12 மீட்டர் லைன் என்றால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 20 முதல் 30 செ.மீ. வித்தியாசம் வேண்டும். தண்ணீர் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் கழிவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். எங்காவது குழாய் தொய்ந்து வயிறு விழுந்திருந்தால் அங்கே வேகம் குறையும், தண்ணீர் நிற்கும், எண்ணெய்ப் பிசுக்கும் காகிதமும் படியும். அந்தத் தொய்வை உள்ளே இருந்து செய்யும் எந்த வேலையும் நிமிர்த்தாது. இதை மறந்துவிட்டு எடுக்கும் முடிவுகள்தான் பெரும்பாலும் வீணாகின்றன.

குறை எத்தனை இடத்தில். பத்து மீட்டர் லைனில் ஒரே ஒரு ஜாயின்ட் விலகியிருப்பது வேறு. ஒவ்வொரு ஜாயின்டிலும் வேர் எட்டிப் பார்ப்பது வேறு. முதலாவது ஒரு விபத்து. இரண்டாவது அந்த லைனின் பொதுவான நிலைமை.

குழாய் எதனால் ஆனது. பளபளப்புப் பூசிய மண்குழாய் அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாது. மண் அசையாமல் இருந்தால் நூறு வருஷம்கூடத் தாங்கும். அதன் பலவீனம் ஜாயின்ட்டில். குட்டைக் குழாய்களாக வருவதால் ஜாயின்ட்டுகள் அதிகம், பழைய வேலைகளில் அவை சிமென்ட் கலவையால் பூசியவை. கலவையில் மயிரிழை விரிசல் விட்டாலே வேர் ஈரத்தைத் தேடி உள்ளே நுழைந்துவிடும்.

வார்ப்பிரும்புக் குழாய் வேறு விதமாகச் சாகும். கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைக் குழாயின் மேல்பக்க ஈரத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அதனால் மேல்சுவர் அரிக்கும். தண்ணீர் ஓடும் அடிப்பக்கமும் தேய்ந்து வாய்க்கால் போலப் பள்ளம் விழும். வெளியே நல்ல குழாய் மாதிரி தெரிந்தாலும் அடிப்பக்கம் காகித கனத்துக்கு வந்திருக்கும்.

நிலக்கரித் தாரில் தோய்த்த நார்க்குழாய்கள் 1940களிலிருந்து 1970கள் வரை சில நாடுகளில் நிறையப் போடப்பட்டன. அவை நாளாக ஆக முட்டை வடிவத்துக்கு நசுங்கும், உள்சுவர் கொப்பளிக்கும். அந்த வகைக் குழாயாக இருந்தால் பழுது பார்ப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

பிவிசி குழாய் துருப்பிடிக்காது, அரிக்காது. அது கெட்டால் பெரும்பாலும் போட்டவர் செய்த கோளாறுதான்: அடியில் மணல் படுக்கை இல்லாமல் கல்லின் மேல் வைத்தது, பசை சரியாக ஒட்டாதது, பள்ளத்தை மூடும்போது மண்ணைத் திமிசு போடாமல் அள்ளிக் கொட்டியது.

மேலே என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழம். வெறும் மண் தரைக்கு அரை மீட்டர் கீழே ஓடும் லைனும், டைல்ஸ் போட்ட கூடத்துக்கு அடியில் ஒன்றரை மீட்டரில் ஓடும் லைனும் ஒன்றல்ல. மொத்தச் செலவில் குழாயின் விலை சின்னப் பங்கு. உடைப்பது, தோண்டுவது, மண்ணை அப்புறப்படுத்துவது, பழையபடி தரை போடுவது ஆகியவைதான் பெரும் பங்கு.

இன்னும் எத்தனை காலம் அந்த வீட்டில். இரண்டு வருஷத்தில் விற்கப்போகும் வீட்டுக்கும் பிள்ளைகள் காலம்வரை இருக்கப்போகும் வீட்டுக்கும் ஒரே விடை வராது. ஆனால் விற்கும்போது லைனின் நிலைமையை வாங்குபவரிடம் மறைக்காதீர்கள்.

## உள்ளே பார்க்காமல் எதுவும் வேண்டாம்

லைனைச் சுத்தம் செய்த பிறகு கேமரா விட்டுப் பார்ப்பதுதான் இந்த ஒப்பீட்டின் அடித்தளம். வளையும் கம்பியின் நுனியில் விளக்கோடு சின்னக் கேமரா இருக்கும். எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்பது திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கேமராத் தலையில் சின்ன டிரான்ஸ்மிட்டர் உண்டு. பெரும்பாலும் 512 ஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும். மேலே தரையில் ஒருவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நடந்தால், கேமரா எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சாக்பீஸால் குறித்துவிடலாம்.

படத்தில் எதைப் பார்க்க வேண்டும்? ஜாயின்ட்டில் தொங்கும் வேர், நனைந்த தலைமுடி போலத் தெரியும். விரிசல் கறுப்புக் கோடாக ஓடும். தொய்வைப் பிடிப்பதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். கேமரா போகப் போக அடியில் தண்ணீர்க் கோடு மெல்ல ஏறும். அப்புறம் லென்ஸ் தண்ணீருக்குள் மூழ்கும், படம் கலங்கிப் பழுப்பாகும், ஒன்றிரண்டு மீட்டர் கழித்து மறுபடி வெளியே வந்து தெளியும். மூழ்கிய மீட்டரையும் தெளிந்த மீட்டரையும் குறித்துக்கொண்டால் அதுதான் தொய்வின் நீளம். இதைச் சரியாகப் பார்க்க, முதலில் இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, ஓட்டம் நின்ற பிறகு கேமராவை விட வேண்டும். கீழே எங்காவது அடைப்பு மிச்சமிருந்தாலும் தண்ணீர் நிற்கும். சுத்தம் செய்வது முதலில், கேமரா அப்புறம் என்று சொல்வது அதனால்தான்.

பதிவின் நகலைக் கட்டாயம் வாங்குங்கள். நகல் தர மறுப்பவர் சொல்லும் முடிவை நம்பிப் பெரிய வேலையில் இறங்க வேண்டாம். இரண்டாவது ஆளிடம் அதே பதிவைக் காட்டி அவர் கருத்தைக் கேட்பது, இன்னொரு முறை கேமரா விடுவதைவிடச் சுலபம்.

கேமரா கிடைக்காத இடத்தில் பழைய முறை ஒன்று இருக்கிறது. இரண்டு சேம்பருக்கு (லைனைத் திறந்து பார்க்கக் கட்டிய, மூடி போட்ட குழி) நடுவே குழாய் நேராக ஓடினால், ஒரு சேம்பரில் விளக்கைக் காட்டி மறு சேம்பரில் குழாய் வாய்க்கு எதிரே கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணாடியில் முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாய் நேராக, சுத்தமாக இருக்கிறது. வட்டத்தின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் தொய்வோ, படிவோ, விலகிய ஜாயின்ட்டோ இருக்கிறது. இதை மேலே நின்று, நீளக் கைப்பிடியில் கண்ணாடியைக் கட்டிச் செய்ய வேண்டும். ஆழமான சேம்பருக்குள்ளோ கழிவுத் தொட்டிக்குள்ளோ எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறங்கவிடாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்குபவர் சில நிமிடங்களில் உயிரை விடக்கூடும், காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து போவார். எந்தக் குழாயும் ஓர் உயிருக்கு ஈடில்லை.

## வழி 1: சுத்தம் செய்து, அப்படியே ஓட்டுவது

லைன் உறுதியாக இருந்து, அடைப்புக்குக் காரணம் பயன்படுத்தும் விதமாக மட்டும் இருந்தால் இதுவே போதும். எண்ணெய்ப் பிசுக்கு, ஈரத் துடைப்பான், நாப்கின் ஆகியவைதான் காரணம் என்று படத்தில் தெரிந்தால், பழக்கத்தை மாற்றினால் லைன் சரியாகிவிடும். இந்த நிலையில் மாற்றச் சொல்பவர் உங்கள் காசைப் பற்றி யோசிக்கவில்லை.

வேர் நுழைந்த லைனுக்கு இது தவணை மட்டுமே. வெட்டிய வேர் திரும்ப வளரும், பெரும்பாலும் முன்பைவிட அடர்த்தியாக. மயில்துத்தம் கொட்டி வேரைக் கருக்குவது பலர் செய்யும் வேலைதான்; ஆனால் கழிவுத் தொட்டியில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்களை அது கொல்லும், நீர்நிலையில் கலந்தால் மீன்களுக்கும் கேடு.

இதன் மறைசெலவு வெளியே தெரியாது. விரிசல் விட்ட ஜாயின்ட் வழியாகக் கழிவுநீர் வெளியே கசியும்போது சுற்றியுள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் வந்து, ஓட்டத்தோடு போய்விடும். குழாயைச் சுற்றி வெற்றிடம் உருவாகும். ஒருநாள் மேலே தரை இறங்கும். உடைந்த லைனில் உயர் அழுத்தத் தண்ணீர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த வேலை வேகமாகும். பக்கத்தில் கிணறு இருந்தால் கசிவைத் தள்ளிப்போடுவது குடிநீரோடு விளையாடுவது.

## வழி 2: பழுதான இடத்தை மட்டும் வெட்டி மாற்றுவது

லைனின் மற்ற பகுதி படத்தில் சுத்தமாகத் தெரிந்து, ஒரே இடத்தில் மட்டும் உடைவு இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. கனமான வண்டி ஏறி நசுங்கிய பிவிசி, வேறு ஏதோ வேலைக்குத் தோண்டியவர்கள் கடப்பாரையால் குத்திய குழாய், தளம் இறங்கியதால் விலகிய ஒரு ஜாயின்ட் ஆகியவை இந்த ரகம். காரணம் தெரிகிறது, அது திரும்ப நடக்கப்போவதில்லை. அப்படியிருக்கும்போது லைன் முழுவதையும் கிளறுவதில் அர்த்தமில்லை.

வேலையின் தரம் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று, பழைய குழாயை நல்ல பகுதி வரும்வரை வெட்டினார்களா என்பது. விரிசல் ஓடும் முனையோடு புதுத் துண்டைச் சேர்த்தால், விரிசல் அங்கிருந்து தொடரும். இரண்டாவது, மண்குழாயையும் பிவிசியையும் எதை வைத்துச் சேர்த்தார்கள் என்பது. இரண்டின் வெளிவிட்டமும் வேறு. வெயிலுக்கும் சூட்டுக்கும் விரிவதும் வேறு. இரண்டு முனையிலும் ஸ்டீல் பட்டை இறுக்கும் ரப்பர் கப்ளிங்தான் இதற்குச் சரி. நிறைய இடங்களில் சிமென்ட் கலவையை உருண்டையாகப் பூசி மூடிவிடுகிறார்கள். கலவைக்கு அசைவு தாங்காது, பிவிசியோடு ஒட்டவும் செய்யாது. வேருக்கு அடுத்த வாசல் அங்கேதான் திறக்கும்.

மறைசெலவுகளில் முதலாவது, பழைய டைல்ஸுக்கு ஜோடி கிடைக்காமல் அறை முழுவதும் தரை மாற்ற நேர்வது. அடுத்து, ஆள், இயந்திரம், உடைப்பு, மூடல் எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவது. ஓரிடத்துக்கு ஒருமுறை செய்தால் மலிவு. அதே லைனில் மூன்றாவது முறையாகப் பள்ளம் தோண்டுகிறீர்கள் என்றால், நீங்கள் மாற்றச் செலவைத் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், புது லைன்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

## வழி 3: உள்ளேயே லைனிங்

பிசினில் ஊறிய துணிக் குழலைப் பழைய குழாய்க்குள் நுழைத்து, காற்றாலோ தண்ணீராலோ ஊதிச் சுவரோடு ஒட்டவைத்து, சூடு அல்லது புறஊதா ஒளியால் இறுக வைப்பது இந்த முறை. எரிக் வுட் என்பவர் 1971இல் லண்டனில் ஒரு பழைய கழிவுநீர்க் குழாயில் இதை முதன்முதலில் செய்து காட்டினார். இறுகிய பின் பழைய குழாய்க்குள் ஜாயின்ட்டே இல்லாத புதுக் குழாய் உருவாகிவிடுகிறது. வழக்கமாக 50 வருஷ ஆயுளுக்குக் கணக்கிட்டு வடிவமைக்கிறார்கள்.

நேரான வாட்டம், வடிவம் கெடாத குழாய், ஆனால் ஜாயின்ட் தோறும் வேர் அல்லது விரிசல் இருக்கிறது. மேலே உடைக்க முடியாத கூடமோ, பெரிய மரமோ, சிமென்ட் தளமோ இருக்கிறது. இந்த இடத்தில் லைனிங் போல எதுவும் பொருந்தாது. சுமார் 3 மி.மீ. கனம் வந்தாலும் 100 மி.மீ. குழாயில் விட்டம் 6 மி.மீ.தான் குறையும், உள்சுவர் வழவழப்பாகிவிடுவதால் ஓட்டத்துக்குப் பெரிய இழப்பில்லை.

ஆனால் லைனிங் என்பது பழைய குழாயின் அச்சு அப்படியே. தொய்வு இருந்தால் லைனிங்கும் தொய்ந்தே நிற்கும். இடிந்து விழுந்த குழாய்க்குள் அதை நுழைக்கவே முடியாது. வார்ப்பிரும்புக் குழாயின் துருப்பொருக்கை முழுதாகச் சுரண்டி எடுக்காவிட்டால் மேடு பள்ளத்தோடு இறுகிவிடும். அதைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

கிளைக் குழாய்கள் சேரும் வாய்களையும் இந்தக் குழல் மூடிவிடும். இறுகிய பிறகு உள்ளேயே சின்ன வெட்டும் கருவி விட்டு அவற்றைத் திறக்க வேண்டும். ஐந்தாறு கிளைகள் இருந்தால் அந்தச் செலவு ஏறும். திறந்த வாயின் ஓரத்தை அடைக்காவிட்டால் வேர் அந்த இடுக்கில் நுழையும். எஸ்டிமேட்டில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பாலியெஸ்டர் வகைப் பிசின் என்றால் இறுகும்போது ஸ்டைரின் வாடை கடுமையாக வரும். டிராப்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி நிரப்பி, ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். குழந்தைகளும் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களும் அன்றைக்கு வேறெங்காவது இருப்பது நல்லது.

இந்த வேலையில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. நடுவில் சுருக்கம் விழுந்தால் விழுந்ததுதான். கைதேர்ந்த ஆள் கிடைக்காத இடத்தில் லைனிங்கைவிடத் தோண்டுவதே பத்திரம்.

## வழி 4: பழையதை உடைத்தபடி புதுக் குழாயை இழுப்பது

இரண்டு முனையிலும் பள்ளம் தோண்டி, கூம்பு வடிவத் தலையைப் பழைய குழாய்க்குள் கம்பிவடத்தால் இழுப்பார்கள். தலை பழைய குழாயை வெளிப்புறமாக உடைத்துத் தள்ளும், பின்னாலேயே எச்டிபிஇ என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் ஆன புதுக் குழாய் வரும். அதன் ஜாயின்ட்டுகள் சூட்டில் உருக்கி ஒட்டியவை என்பதால் வேருக்கு இடமில்லை. பழைய குழாய் லைனிங் தாங்காத அளவுக்குக் கெட்டிருந்தாலும், கம்பிவடம் நுழைய வழி இருந்தால் போதும்; விட்டத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளவும் முடியும்.

உடையும் துண்டுகள் மண்ணைத் தள்ளும் என்பதால் பக்கத்தில் குடிநீர்க் குழாயோ காஸ் லைனோ நெருங்கி ஓடினால் இது கூடாது. ஆழம் குறைவானால் மேல்தரை உப்பும். ஒவ்வொரு கிளை சேரும் இடத்திலும் தோண்டியே ஆக வேண்டும். முக்கியமாக, இதுவும் பழைய பாதையில்தான் போகும். தொய்வைத் தீர்க்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

## வழி 5: தோண்டி, முழுசாக மாற்றுவது

நெடுக வாட்டம் கெட்ட லைனுக்கு உண்மையான மருந்து இது ஒன்றுதான். குழாய் இடிந்திருந்தாலும், பாதையையே மாற்ற வேண்டியிருந்தாலும், சேம்பர் இல்லாத இடத்தில் சேம்பர் கட்ட வேண்டியிருந்தாலும் இதுவே வழி.

தோண்டுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். வீட்டிலிருந்து குழாய் வெளியேறும் இடத்தின் அடிமட்டத்தையும், அது போய்ச் சேரும் தெருச் சேம்பர் அல்லது கழிவுத் தொட்டி வாயின் அடிமட்டத்தையும் தண்ணீர் டியூப் பிடித்து அளந்துவிடுங்கள். 12 மீட்டர் தூரத்துக்கு வித்தியாசம் 8 செ.மீ.தான் கிடைக்கிறது என்றால், புதுக் குழாய் போட்டாலும் ஓட்டம் சோம்பலாகத்தான் இருக்கும். வீட்டுப் பக்க வாயை உயர்த்த முடியுமா, குறுக்குப் பாதை உண்டா, பம்ப் வைத்து ஏற்ற வேண்டுமா என்று அப்போதே யோசிக்க வேண்டும். மொத்த முற்றத்தையும் கிளறிய பிறகு இது தெரியவந்தால் வயிறெரியும்.

மறைசெலவு அதிகம் உள்ள வழியும் இதுதான். தரை, படி, சுற்றுச்சுவர், தோட்டம் எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வேண்டும். சாலையை வெட்ட உள்ளூர் அமைப்பின் அனுமதியும் கட்டணமும் வேண்டியிருக்கலாம். லைனின் எந்தப் பகுதி வீட்டுக்காரர் பொறுப்பு, எது பொது அமைப்பின் பொறுப்பு என்பது இடத்துக்கு இடம் மாறும். கெட்டது அவர்கள் பகுதியாக இருந்தால் உங்கள் பணத்தைச் செலவழித்து ஏன் மாற்ற வேண்டும்? வேலை நடக்கும் நாட்களில் கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு என்பதும் செலவுதான். பழைய குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டாக இருந்தால் கட்டர் வைத்து உலர்வாக அறுக்கவிடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. முடிந்தால் அதை மண்ணிலேயே விட்டுவிட்டுப் புது லைனைப் பக்கத்தில் ஓட்டுவது நல்லது.

இன்னொன்று: ஒன்றரை மீட்டர் ஆழம் தாண்டினால் பள்ளத்தின் பக்கச் சுவர்களுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் உள்ளே இறங்கி வேலை செய்யக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. முட்டுக்கான செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லும் ஒப்பந்தக்காரர் வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எதைத் தீர்க்கும் | எதைத் தீர்க்காது | தோண்டல் | கவனிக்க வேண்டிய மறைசெலவு |
|---|---|---|---|---|
| சுத்தம் மட்டும் | பிசுக்கு, துணி, காகித அடைப்பு | வேர், விரிசல், தொய்வு | இல்லை | கசிவால் மண் அரிப்பு, திரும்ப வரும் செலவு |
| ஓரிடப் பழுது | ஒற்றை உடைவு, குட்டைத் தொய்வு | லைன் நெடுக உள்ள குறை | ஓரிடத்தில் | தரை ஒட்டுவேலை, புது ஜாயின்ட்டுகள் |
| லைனிங் | வேர், விரிசல், அரிப்பு | தொய்வு, இடிந்த குழாய் | ஏறக்குறைய இல்லை | கிளை வாய் திறப்பு, முன்சுத்தம் |
| இழுத்து மாற்றுதல் | மோசமாகக் கெட்ட சுவர், சிறிய விட்டம் | தொய்வு | இரு முனை, கிளைகள் | பக்கத்துக் குழாய்களுக்குச் சேதம் |
| தோண்டி மாற்றுதல் | எல்லாம், வாட்டம் உட்பட | மட்ட வித்தியாசமே இல்லாத நிலை | முழு நீளம் | தரை மீட்பு, அனுமதி, தற்காலிக ஏற்பாடு |

## லைனைத் துண்டு துண்டாகப் பிரித்து யோசியுங்கள்

பழுதா, மாற்றமா என்று லைன் முழுவதற்கும் ஒரே விடை தேடுவதால்தான் பலர் குழம்புகிறார்கள். வீட்டுத் தளத்துக்கு அடியில் ஓடும் பகுதி, முற்றத்துப் பகுதி, மரத்தடிப் பகுதி, தெருவுக்குச் சேரும் பகுதி என்று கேமரா மீட்டரை வைத்துப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி விடை வரும்.

உதாரணமாக, 18 மீட்டர் லைன் என்று வைத்துக்கொள்வோம். முதல் 6 மீட்டர் தளத்துக்கு அடியில், வார்ப்பிரும்பு, துரு உண்டு ஆனால் வாட்டம் சரி. அடுத்த 8 மீட்டர் மண்குழாய், ஜாயின்ட் தோறும் வேர், நடுவில் 2 மீட்டர் தொய்வு. கடைசி 4 மீட்டர் சமீபத்தில் போட்ட பிவிசி, குறையே இல்லை. இங்கே "மொத்தமும் மாற்று" என்பதும் தப்பு, "ஒட்டுப்போடு" என்பதும் தப்பு. முற்றத்து 8 மீட்டரைத் தோண்டிப் புதுக் குழாய் போட்டு, இரு பக்கமும் சேம்பர் கட்டி, தளத்துக்கு அடியிலுள்ள 6 மீட்டருக்கு அந்தச் சேம்பர் வழியாக லைனிங் கொடுத்தால் கூடத்துத் தரையில் கை வைக்க வேண்டாம். கடைசிப் பகுதியை அப்படியே விட்டுவிடலாம்.

முற்றத்து 8 மீட்டரில் தொய்ந்த 2 மீட்டரை மட்டும் ஏன் மாற்றக் கூடாது என்று கேட்கலாம். பள்ளம் எப்படியும் தோண்டுகிறோம், ஆட்களும் இயந்திரமும் வந்துவிட்டார்கள், மேலே வெறும் மண். மீதி 6 மீட்டருக்கான கூடுதல் செலவு இன்றைக்குக் கொஞ்சம்தான்; இரண்டு வருஷம் கழித்து வேருக்காகத் தனியே தோண்டினால் அதே வேலைக்குப் பல மடங்கு ஆகும். மேலே டைல்ஸ் இருந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

இரண்டு வருஷத்தில் வீட்டைக் காலி செய்யப்போகிறவருக்கு, தொய்ந்த பகுதியை மட்டும் சரிசெய்து மற்றதை வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வதே நியாயமான முடிவாக இருக்கலாம், கிணறோ கசிவோ இல்லாதவரை. கசிவு உறுதியானால் யார் எத்தனை நாள் இருக்கப்போகிறார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

## எஸ்டிமேட்டில் எழுதி வாங்க வேண்டியவை

எத்தனை மீட்டரிலிருந்து எத்தனை மீட்டர் வரை வேலை, என்ன குழாய், எந்தத் தரம், வாட்டம் எவ்வளவு, மண்குழாயோடு சேர்க்க எந்தக் கப்ளிங், கிளைகள் எத்தனை, தரையைப் பழையபடி ஆக்குவது சேர்ந்ததா இல்லையா, உத்தரவாதம் எதற்கு என்பவை எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சில் "எல்லாம் சேர்த்துதான்" என்பது, வேலை முடியும்போது "அது தனி" ஆகிவிடும்.

பள்ளத்தை மூடும் முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். குழாய்க்கு அடியில் மணலோ பொடிக்கல்லோ பரப்பியிருக்கிறதா, குழாயின் முழு நீளமும் அதில் படிந்து உட்கார்ந்திருக்கிறதா, ரசமட்டம் ஒவ்வொரு குழாயிலும் ஒரே அளவு இறக்கம் காட்டுகிறதா என்று பாருங்கள். கீழ் முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று சோதித்த பிறகே மண் விழ வேண்டும். மூடும்போது முதல் அடுக்கு கல் இல்லாத மண்ணாக இருக்கட்டும். அடுக்கடுக்காகத் திமிசு போடட்டும். மூடி முடிந்ததும் மறுபடி ஒருமுறை கேமரா விட்டு அந்தப் பதிவை வாங்கிக்கொண்டு கடைசித் தவணையைக் கொடுங்கள். பள்ளம் திறந்திருக்கும்போதே டேப் பிடித்து, வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு ஜாயின்ட்டும் சேம்பரும் எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று படத்தோடு குறித்து, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.